வாகன வேக உணரிப் பழுதும் அதைக் கண்டறிதலும்

வாகன வேக உணரி என்பது கார் ஓடும் வேகத்தை மின் துடிப்புகளாக மாற்றி, எஞ்சினை ஆளும் கணினிக்கும் டாஷ்போர்டு மீட்டருக்கும் அனுப்பும் சிறு கருவி. பட்டறைகளில் இதன் பெயர் ஸ்பீடு சென்சார். பெரும்பாலும் கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். துடிப்பு நின்றுவிட்டால் ஸ்பீடோமீட்டர் முள் எழும்பாது, கிலோமீட்டர் கணக்கு ஏறாது, க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாது. ஆட்டோமேட்டிக் கியர் உதறலோடு மாறும். சில கார்களில் வேகம் குறைத்து நிறுத்தப் போகும்போது எஞ்சின் அணைந்துவிடும்.

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்தும் கட்டாயமான, கார் தன் பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி-2 ஏற்பாட்டில் இந்தப் பழுதுக்கு உரிய குறியீடு பி0500. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் அது திரையில் தெரியும். தெரிந்தவுடன் சென்சாரை மாற்றிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பி0500 சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. எஞ்சின் சுற்றும் வேகத்தையும் அது இழுக்கும் பாரத்தையும் பார்த்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வேகம் பூஜ்யம் என்றே வருகிறது. இந்த முரண்பாடு சில விநாடிகள் நீடித்தால் கணினி குறியீட்டைப் பதிகிறது. அதன் பொருள் ‘எனக்குத் தகவல் வந்து சேரவில்லை’ என்பது மட்டுமே. வழியில் எங்கே அறுந்தது என்பதை மனிதர்தான் தேட வேண்டும். பி0501 வேக அளவு பொருந்தாததையும், பி0502 சிக்னல் குறைவாக வருவதையும், பி0503 விட்டுவிட்டோ தாறுமாறாகவோ வருவதையும் குறிக்கும்.

தகவல் போகும் வழி தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது. பழைய ஜப்பானியக் கார்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றும். கேபிள் போய் மின் உணரி வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. சுற்றுக்கு 4 துடிப்பு என்று வைத்துக்கொண்டார்கள். ஆக ஒரு கிலோமீட்டருக்கு 2,548 துடிப்புகள். பல டொயோட்டா கார்களில் இத்துடிப்பு முதலில் மீட்டருக்குப் போய், அங்கே சீரான சதுர அலையாக மாற்றப்பட்டு, அதன் பிறகே எஞ்சின் கணினியை அடைகிறது. இத்தகைய காரில் பி0500 வந்தும் ஸ்பீடோமீட்டர் சரியாக ஓடினால் சென்சார்மேல் குற்றமில்லை. மீட்டருக்கும் கணினிக்கும் நடுவே உள்ள வயரையும் மீட்டரின் உள்சுற்றையும்தான் பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர், கணினிக்கு வரும் வேகம் இரண்டுமே நின்றிருந்தால் சென்சார் பக்கம் திரும்பலாம்.

உணரிகளில் இரண்டு வகை பரவலானவை. இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகை தானே மாறுதிசை மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகம் கூடக்கூட அழுத்தமும் கூடும். மிகக் குறைந்த வேகத்தில் சிக்னல் அநேகமாக இராது. இதன் நுனியில் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டாலே அளவு பிசகும். மூன்று வயர் கொண்ட ஹால் வகைக்கு வெளியிலிருந்து மின்சாரமும் எர்த்தும் வேண்டும். மூன்றாவது வயரில் சிக்னல் வரும்.

ஹால் வகையைச் சோதிக்கக் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் நிலையில் வைத்து, வயரிங் பக்கத்தை மல்ட்டிமீட்டரால் அளக்க வேண்டும். மின்சாரமும் எர்த்தும் இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. பல கார்களில் சிக்னல் வயரில் மீட்டரோ கணினியோ 5 அல்லது 12 வோல்ட்டை நிறுத்தி வைத்திருக்கும். சென்சார் அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடுவதே துடிப்பு. சென்சாரைக் கழற்றிய பிறகும் அங்கே பூஜ்யம் காட்டினால் வயர் அறுந்திருக்கலாம், அல்லது எங்கோ பாடியில் உரசிக்கொண்டிருக்கலாம். பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டத்துக்காக இந்த வயரில் இணைப்பு எடுத்திருந்தால் அதை முதலில் பிரித்துப் பார்ப்பது நல்லது. அந்த ஒரு கருவி சிக்னலைக் கீழே இழுத்தால் எல்லாமே நின்றுவிடும்.

பிறகு கப்ளரை மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டாண்டு கொடுத்து முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில் சிக்னல் வயரின் அழுத்தம் ஏறி ஏறி இறங்கும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் டிஃபரன்ஷியல் பாதி வேகத்தில்தான் திரும்பும். துடிப்பும் பாதியாகவே வரும். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். ஏற்ற இறக்கமே இல்லையென்றால் சென்சாரை வெளியே எடுத்து, அதை ஓட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். பல் தேய்ந்திருந்தால் சென்சார் நன்றாக இருந்தும் பயனில்லை.

இன்றைய கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸில் தனிச் சென்சாரே கிடையாது. சக்கரங்களில் உள்ள ஏபிஎஸ் உணரிகளிலிருந்து கணக்கிட்ட வேகம், காரின் கணினிகளை இணைக்கும் கேன் தகவல் தடம் வழியாக எஞ்சின் கணினிக்கு வருகிறது. இங்கே பி0500 வந்தால் வேர் பெரும்பாலும் ஏபிஎஸ் பக்கம் இருக்கும். மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கணினியை மட்டுமே படிக்கும் என்பதால், இல்லாத சென்சாரைத் தேடி நேரம் வீணாகும். ஏபிஎஸ் அலகையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். சில சக்கர பேரிங்குகளில் காந்த வளையம் ஒரு பக்க முத்திரையிலேயே பதிந்திருக்கும். பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டால் அந்தச் சக்கரத்திலிருந்து துடிப்பு வராது. பேரிங் மாற்றிய கையோடு டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

குறியீட்டை அழிக்கும் முன், பழுது பதிந்த நொடியின் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழித்தால் அவையும் போய்விடும். வேலை முடிந்ததும் சாலையில் ஓட்டி, ஸ்கேனர் காட்டும் வேகத்தை ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடலாம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படியே அமைக்கப்படுவதால் ஒப்பீட்டுக்கு அது உதவாது. ஸ்கேனர் எண்ணும் ஜிபிஎஸ் எண்ணும் எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் விலகினால், டயரின் அளவு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.