போர்க்காலத்தில் அயலவர் பாதுகாப்பு: மட்டக்களப்புத் துறை காட்டும் இரு நிகழ்ச்சிகள்

மட்டக்களப்பு வாவி ஈழத்தின் கீழைக்கரையோரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அது கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை மணற்றிட்டு மறித்து நிற்றலின், பண்டைநாளிற் பெருங்கப்பல்கள் உட்புகுதல் அரிதாயிற்று. அவை வெளியே நங்கூரமிட்டு நிற்க, மாலுமிகள் சிறு படகுகளிற் கரைசேர்ந்தனர். ஆகவே, இத்துறையை அடைந்த அயலவர் தம் பீரங்கிகளைக் கடலில் விட்டு, ஊரவரின் நல்லெண்ணத்தை நம்பியே நிலத்தில் அடிவைக்க வேண்டியவராயினர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரே மன்னன் காலத்தில், ஒரே நாட்டுத் தளபதியர் இருவர் அடுத்தடுத்து இங்கே இறங்கினர். ஒருவன் மன்னனின் நண்பனாய் மீண்டான். மற்றவன் இக்கரையிலேயே கொலையுண்டான். பிறர் நாட்டுப் போரிடையே அகப்படும் அயலவனுக்குக் காவலாவது யாது என்னும் வினாவிற்கு இவ்விருவர் வரலாறும் விடை பகர்கின்றன.

அக்கால நிலைமையை முதற்கண் உணர்தல் வேண்டும். கொழும்பு, காலி முதலிய மேலைத்துறைகள் போர்த்துக்கேயர் கைப்பட்டிருந்தன. மலைநாட்டைக் காத்துநின்றவன் கண்டியரசன் முதலாம் விமலதருமசூரியன். அவன் இளமையிற் போர்த்துக்கேயரிடையே வளர்ந்து, ஞானஸ்நானமும் பெற்று, பின்னர் அவர்க்கே கொடும்பகைவனாக மாறியவன். 1594ஆம் ஆண்டிலே தந்துறைப் போரில் அவர்தம் படையை அழித்து, அவர்கள் அரசியாக்கக் கொணர்ந்த குசுமாசன தேவியைத் தானே மணந்து அரசுரிமையை உறுதிசெய்துகொண்டான். ஆயினும் பகைவரின் கப்பல்களை எதிர்க்கவல்ல கடற்படை அவனிடம் இல்லை. ஐரோப்பாவிலோ ஒல்லாந்தர் ஸ்பானிய மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்து போர்செய்துகொண்டிருந்தனர். 1580 முதல் போர்த்துக்கல்லும் அம்மன்னன் முடிக்கீழ் அடங்கியமையால், அப்போர் இந்துமாகடல்வரை பரந்தது. இவ்வாறு இரு போர்கள் ஒன்றையொன்று சந்தித்த இடங்களுள் ஒன்று மட்டக்களப்பு.

முதலில் வந்தவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். 1601ஆம் ஆண்டு மே மாதத்தில் மூன்று கப்பல்களோடு சீலாந்திலிருந்து புறப்பட்ட அவன், 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையை அடைந்தான். அவனைப் போர்த்துக்கேயன் என்றே இங்கிருந்த குறுநிலத் தலைவன் ஐயுற்றான். அவ்வையம் காரணமற்றதன்று. வெள்ளைத்தோலும் பெருங்கப்பலும் பீரங்கியும் உடையார் போர்த்துக்கேயர் என்பதே அந்நாள்வரை இக்கரையோர் கண்ட அனுபவம். அன்றியும், ஒல்லாந்தர் இங்கே பேசத்தக்க பொதுமொழியாக இருந்ததும் போர்த்துக்கேயமே. தான் பகைவன் அல்லன் என்பதைப் பகைவனின் மொழியிலேயே மெய்ப்பிக்க வேண்டிய இக்கட்டு அவனுக்கு நேர்ந்தது.

ஸ்பில்பேர்கன் ஐயத்தைக் கண்டு சினந்தானல்லன். தான் யார், எந்நாட்டான், எதன்பொருட்டு வந்தான் என்பவற்றைப் பொறுமையோடு எடுத்துரைத்தான். இளவரசன் மொறிசின் திருமுகம் அவன் கையில் இருந்தது. கண்டிக்குச் செய்தி போக்கி, மன்னனின் இசைவு பெற்ற பின்னரே மலைநாட்டிற்குப் புறப்பட்டான். யூலை மாதத்திற் கண்டியை அடைந்த அவனை மன்னன் பெருஞ்சிறப்போடு எதிர்கொண்டான். ஒல்லாந்தர் ஈழத்தில் ஒரு கோட்டை கட்டுவதாயின் தானும் தன் மனைவி மக்களும் அதற்குக் கல்சுமப்போம் என்றும் கூறினான். ஸ்பில்பேர்கன் இசைவல்லார் இருவரை மன்னனிடம் விட்டுவைத்து, செப்டெம்பர் மாதத்திற் கப்பலேறினான். நட்பொன்றைத் தேடிக்கொண்ட பயணம் அது.

அந்நட்பின் பயனை நுகர வந்தவன் சீபால்ட் டி வேர்ட். தென்னமெரிக்காவின் தென்கோடிக் கடல்வரை சென்று மீண்ட துணிவுமிக்க மாலுமி அவன். 1602ஆம் ஆண்டின் இறுதியில் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி சென்று மன்னனைக் கண்டான். போர்த்துக்கேயரை மன்னன் நிலத்திலும் ஒல்லாந்தர் கடலிலும் ஒருங்கே தாக்குவது என உடன்பாடாயிற்று. டி வேர்ட் சுமாத்திராத் தீவின் அச்சே நாட்டிற்குச் சென்று, கூடிய கப்பல்களோடு 1603ஆம் ஆண்டில் மீண்டான்.

மீண்டபின் நிகழ்ந்தவை யாவும் நட்பைக் குலைத்தன. அவனுடைய மாலுமிகள் உணவிற்காகப் பசுக்களைக் கொன்று ஊரவர் மனத்தைப் புண்படுத்தினர். வழியிலே கைப்பற்றிய போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தோரை, உயிர்ப்பிச்சை அளிப்பதாகத் தான் கொடுத்த வாக்கிற்கமைய டி வேர்ட் விடுவித்தான். ஒல்லாந்தரின் போர்முறைப்படி அது நேர்மையே. ஆயின், அப்பகைவரோடு பல்லாண்டு பொருது அவர் செயலை நேரிற் கண்டிருந்த மன்னனுக்கு அஃது உடன்படிக்கையைக் காட்டிக்கொடுத்ததாகவே தோன்றியது. மன்னன் மட்டக்களப்பிற்கு எழுந்தருளியபோது, கப்பலுக்கு வருமாறு டி வேர்ட் அழைத்தான். மன்னனோ அதைச் சூழ்ச்சி என ஐயுற்றான். அதன்பின் மதுமயக்கில் அவன் அரசியைக் குறித்து இழிமொழி கூறினான் என்பர். 1603ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள் அவனும் அவனைச் சேர்ந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மரும் கரையில் வெட்டுண்டனர். போரை விரும்பின் போர், சமாதானத்தை விரும்பின் சமாதானம் என்னும் கருத்தமைந்த ஓலையை மன்னன் கப்பலிலிருந்தோர்க்கு விடுத்தான்.

விருந்தாய் வந்தோரைக் கொன்றமை மன்னன் புகழுக்கு மாசு என்பதில் ஐயமில்லை. அதன் இழப்பும் அவனது நாட்டைச் சார்ந்ததே. 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். கண்டியும் ஒல்லாந்தரும் கைகோத்து அக்கோட்டையைக் கைப்பற்றியது 1638ஆம் ஆண்டு மே 18ஆம் நாளிலேயே. உடன்பாடு நிறைவேற முப்பத்தைந்து ஆண்டு கடந்தது. எனினும், இருவர் ஊழும் வேறுபட்டமைக்குக் காரணம் தெளிவு. ஸ்பில்பேர்கன் தன்னை ஐயுறுவோர் கண்கொண்டு தன்னைப் பார்த்தான். டி வேர்ட் தன் நாட்டு நியாயத்தையே எந்நாட்டிற்கும் நியாயமெனக் கொண்டான். முன்னவனிடம் மூன்று கப்பல்களே இருந்தன. பின்னவனிடம் அதனினும் கூடுதலாக இருந்தன. கப்பற்றொகை எவனையும் காக்கவில்லை.

மட்டக்களப்பிற்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவும் இதற்குச் சான்று பகரும். 1659ஆம் ஆண்டிற் புயலாற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று அங்கே ஒதுங்கிற்று. இரண்டாம் இராசசிங்கன் நாட்டில் இறங்கியும், திருமுகமோ கையுறையோ அவனுக்கு விடுக்காமற் கப்பற்றலைவன் காலந்தாழ்த்தினான். அதனால் அவனும் அவன் மகன் றொபேட் நொக்ஸ் என்பவனும் வேறு சிலரும் சிறைப்பட்டனர். தந்தை மலைநாட்டிலேயே இறந்தான். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குமேற் காத்திருந்து 1679ஆம் ஆண்டில் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடினான். அவர்கள் செய்த குற்றம் படையெடுப்பன்று. தாம் யாரென உரியவர்க்கு உரிய காலத்தில் அறிவியாமையே.

அன்று திருமுகம் செய்த பணியை இன்று கடவுச்சீட்டுச் செய்கின்றது. தூதன் தேடிய இசைவை விசாவும் தூதரகப் பதிவும் தருகின்றன. அயல்நாட்டிலுள்ள தன் குடிகளின் நலங்காத்தல் கொன்சலர் அலுவலகத்தின் கடமை என 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வகுத்துள்ளது. ஆயினும் காலம் இடத்தை மாற்றிவிட்டது. அந்நாள் அயலவரை ஏற்ற இவ்வாவிக்கரையிலிருந்து இந்நாளிற் பெண்களும் ஆண்களும் பிழைப்பை நாடி மேற்காசிய நாடுகளுக்குச் செல்கின்றனர். 1990இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோதும், 2006இல் லெபனானிற் போர் மூண்டபோதும், அந்நாடுகளில் ஆயிரக்கணக்கான இலங்கைத் தொழிலாளர் அகப்பட்டனர். லெபனானில் வீட்டுப்பணி செய்த பெண்கள் பலரின் கடவுச்சீட்டுகள் எசமானர் பெட்டியிற் பூட்டப்பட்டுக் கிடந்தன. தாம் யாரெனக் காட்டும் சான்று தம் கையில் இன்மையால், குண்டுவீழும் நகரைவிட்டு வெளியேறும் வழியும் அவர்க்கு அரிதாயிற்று.

ஸ்பில்பேர்கனுக்குத் திருமுகம் கையிலும் பொறுமை நாவிலும் இருந்தன. அயல்நாடு செல்வோர் அந்நாட்டார் எவரை அஞ்சுகின்றனர், எதைப் போற்றுகின்றனர் என்பதை அறிந்து செல்லுதலும், தம் அடையாளச் சான்றைப் பிறர் கையில் விடாது காத்தலும் அவர்தம் கடமையாம். அச்சான்று அவர் கையிலேயே இருக்கச் செய்தலும், போர் மூண்டவிடத்து அவரைத் தேடிச்சென்று மீட்டலும் அனுப்பிய நாட்டின் கடமையாம். இவ்விரு கடமைகளுள் ஒன்று தவறினும் அதன் விலையைச் செலுத்துபவர் கரையில் தனித்து நிற்கும் அயலவரே.