தொழிலாளர் கைக்கு வந்த ஹார்ன்

பெல்ஜியத்தின் தினான் ஊரில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்றதும் எல்லோருக்கும் சாக்ஸபோன்தான் நினைவுக்கு வரும். எனக்கோ அவர் செய்த இன்னொரு வாத்தியத்தின் மேல்தான் பிரியம். 1843இல் பாரிஸில் அவர் காப்புரிமை பெற்ற சாக்ஸ்ஹார்ன் குடும்பத்தின் நடுப்பிள்ளை அது. வடக்கு இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகளில் அதை டெனார் ஹார்ன் என்கிறார்கள். புனல் வாய் மேலே பார்த்தபடி இருக்க, நெஞ்சோடு அணைத்து வாசிக்கிற சிறிய வாத்தியம்.

1844இல் ஜான் டிஸ்டின் என்ற ஆங்கில டிரம்பெட் கலைஞர் நான்கு மகன்களோடு பாரிஸ் போனார். சாக்ஸின் வாத்தியங்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டன. ஐவரும் அவற்றை வாசித்துப் பிரிட்டனில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். லண்டனில் விற்கவும் செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஹார்ன் பஞ்சாலை ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1853இல் மான்செஸ்டரின் பெல் வ்யூ பூங்காவில் நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கியது மாஸ்லி ஊரின் மதுவிலக்கு சாக்ஸ்ஹார்ன் பேண்டு.

பகலெல்லாம் தறியிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களுக்கு இந்த வாத்தியம் எப்படி வசப்பட்டது? அதன் மூன்று வால்வுகளைப் பார்த்தால் புரியும். நடு வால்வை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு சிறு குழாயைச் சுற்றி வரும்; சுருதி அரைக் கட்டை இறங்கும். முதல் வால்வுக்கு ஒரு கட்டை, மூன்றாவதுக்கு ஒன்றரை. மற்றதை உதடு பார்த்துக்கொள்ளும். சின்ன கார்னெட்டிலிருந்து பெரிய பேஸ் வரை விரல் முறை ஒன்றே. பேஸ் டிராம்போனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இசைக்குறிப்பை எழுதும் முறையும் ஒன்றே. பேஸ் வாசிப்பவர் ஊரைவிட்டுப் போனால் ஹார்ன்காரர் அந்த நாற்காலிக்கு மாறலாம்; வாயும் மூச்சும் பழகினால் போதும். உடலுழைப்பால் காய்த்துத் தடித்த விரலுக்கும் இது இடம்கொடுத்தது. வயலினிடம் அந்தத் தாராளம் கிடையாது.

விலை மட்டும் தனி ஆளுக்கு எட்டாதது. குவீன்ஸ்பரி போன்ற சில ஊர்களில் ஆலை முதலாளி கைகொடுத்தார். மற்ற இடங்களில் ஊரார் சந்தா போட்டார்கள், தவணையில் வாங்கினார்கள். அதனால் ஹார்ன் பேண்டின் சொத்தாகவே இருந்தது. வாசிப்பவர் விலகினால் அடுத்தவர் கைக்குப் போகும். சம்பளமில்லாத இசைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஒரு கட்டத்தில் இந்த வாத்தியங்கள் தனித்தீவாகிப் போயின. மற்ற இசைக்குழுக்கள் சுருதியைத் தாழ்த்திக்கொண்டபோது பேண்டுகள் கிட்டத்தட்ட கால் கட்டை உயரத்திலேயே நின்றன. கையில் இருந்ததையெல்லாம் மாற்றப் பணம் ஏது? 1960களின் நடுவில் உயர்ந்த சுருதி வாத்தியங்களைச் செய்வதே நின்றது. அதன்பின் பழைய ஹார்ன்கள் பட்டறைக்குப் போய்க் குழாய் நீட்டப்பட்டுத் திரும்பின.

அதைவிடப் பெரிய அடி சுரங்கங்கள் மூடப்பட்டது. யார்க்ஷயரின் கிரைம்தார்ப் சுரங்கத்துக்கு 1917இல் பேண்டு அமைந்தது. 1992 அக்டோபரில் அந்தச் சுரங்கத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். அதே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பேண்டு தேசியப் போட்டியை வென்றது. மறு ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பேண்டு இன்றும் வாசிக்கிறது. வேலை போன பிறகும் ஊரை ஒன்றாக உட்காரவைத்தவை இந்த வாத்தியங்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மாஸ்லி பக்கத்துக் கிராமங்களில் ‘விட் ஃப்ரைடே’ என்னும் வெள்ளிக்கிழமை வருடா வருடம் வருகிறது. பேண்டுகள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போகின்றன. தெருவில் அணிவகுத்து வாசித்துவிட்டுப் போட்டி மேடைக்கு வருகின்றன. நடுவர் மூடிய கேரவனுக்குள் இருப்பார். பள்ளிப் பிள்ளைகளா, பேர் பெற்ற பேண்டா என்று அவருக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் ஹார்ன்காரர்கள் நீர் வால்வைத் திறந்து, குழாயில் சேர்ந்த ஈரத்தை ஊதித் தள்ளிவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாயிற்று என்று பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்.