டாஸ் கேமும் ஊமை சவுண்ட் கார்டும்

ஒரு பழைய பென்டியம் 3 பொட்டியைத் தூசு தட்டி 'அல்டிமா 7' போட்டுப் பார்த்தேன் மக்களே. உள்ளே ஒரு பிசிஐ சவுண்ட் கார்டு. டப்பாவிலேயே 'சவுண்ட் பிளாஸ்டர் கம்பாட்டிபிள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், விட்டுடலாம்). கேமோ ஊமைப்படம் மாதிரி ஓடியது. கார்டோட டிரைவரை ஏத்தினால் கேமே ஆரம்பிக்கவில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் கதைதான்.

ஏன் இப்படின்னு தோண்டப் போய், கொஞ்சம் பெரிசாவே கொசுவத்தி சுத்த வேண்டியதாப் போச்சு.

1987-ல் கனடாவின் கியூபெக் நகரத்திலிருந்து ஆட்லிப் கார்டு வந்தது. உள்ளே யமஹாவின் ஒய்எம்3812 சிப். பாட்டு வாசிக்கும், ஆனா பதிவு பண்ணின பேச்சையோ வெடிச்சத்தத்தையோ அதுக்கு வாசிக்கத் தெரியாது. 1989-ல் சிங்கப்பூர் சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் கம்பெனி அதே யமஹா சிப்பை வைத்து, பதிவான ஒலியையும் ஜாய்ஸ்டிக் போர்ட்டையும் சேர்த்து சவுண்ட் பிளாஸ்டரை இறக்கியது. 1992-ல் ஆட்லிப் திவால். ஒரே சிப்தான், கூட ரெண்டு வசதி. அம்புட்டுதான் வித்தியாசம்!

இங்கேதான் சிக்கலோட விதை. விண்டோஸ் மாதிரி டாஸில் 'சவுண்ட் டிரைவர்' என்று பொதுவா எதுவும் கிடையாது. ஒவ்வொரு கேமும் நேரா கார்டோட போர்ட்டைத் தட்டிப் பேசும். பாட்டுக்கு 388, பேச்சுக்கு 220. போர்ட்டில் பேசுறது பிசிஐ கார்டுக்கும் கஷ்டமில்லை. வம்பே டிஎம்ஏதான். மெமரியிலிருந்து ஒலியை எடுத்து, பிராசசரைத் தொந்தரவு பண்ணாம, கார்டுக்கு வாய் வாயா ஊட்டிவிடுற சிப் மதர்போர்டில் இருக்கு. 'அடுத்த வாய் கொடு' என்று கார்டு கேட்க ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் தனிக் கம்பி உண்டு. பிசிஐ ஸ்லாட்டில் அந்தக் கம்பியே கிடையாது. குழந்தை வாயைத் திறந்துக்கிட்டே உக்காந்திருக்கும், சோறு வராது.

தொண்ணூறுகளின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட 'பிசி 99' விதிகள் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கு மூடுவிழா நடத்தின. கார்டு கம்பெனிகள் என்ன பண்ணும்? ஒரு கூட்டம் மிமிக்ரியில் இறங்கியது. என்சோனிக் கம்பெனியின் ஆடியோ பிசிஐ இதுக்கு நல்ல உதாரணம். ஈஎம்எம்386 என்கிற மெமரி மேனேஜரை ஏத்தி வைத்து, கேம் 220-ஐத் தட்டும்போது நடுவழியில் மறித்து, டிரைவரே பதில் சொல்லும். 1998-ல் கிரியேட்டிவ் அந்த என்சோனிக்கையே 7.7 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. அதே வருஷம் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவிலும் டாஸுக்கு இதே வித்தைதான். சவுண்ட் பிளாஸ்டரே சவுண்ட் பிளாஸ்டரை மிமிக்ரி பண்ண வேண்டிய நிலைமை! யமஹா சிப்பும் உள்ளே இல்லாததால், பழைய பாட்டெல்லாம் தெரிஞ்ச முகம், தெரியாத குரல் என்று ஆகிவிட்டது.

பாதி கேம்கள் இதை ஏத்துக்கும். 1992-ல் ஒரிஜின் கம்பெனி விட்ட அல்டிமா 7 ஏத்துக்காது. மெமரி முழுக்கக் கைக்கு வரணும்னு அவங்களே 'வூடூ' என்று சொந்த மெமரி மேனேஜர் எழுதிட்டாங்க. ஈஎம்எம்386 ஏறிவிட்டால் பிராசசர் அதோட கட்டுப்பாட்டில்; வூடூ கேட்கிற சுதந்திரம் கிடைக்காது. எனக்கு நடந்தது இதுதான்.

ஆகவே பிசிஐ கார்டு வாங்கறவங்க டப்பாவில் இருக்கிற பேரைப் பார்க்காதீங்க, உள்ளே இருக்கிற சிப்பைப் பாருங்க. யமஹா ஒய்எம்எஃப்724, 744 என்றால் நிஜமான ஓபிஎல்3 உள்ளேயே இருக்கு, பாட்டு அச்சு அசல். ஆனா டிஎம்ஏவுக்கு மதர்போர்டு கை கொடுக்கணும். சில போர்டில் 'எஸ்பி-லிங்க்' என்று குட்டிப் பின்கள் இருக்கும், ஒரு கேபிள் போட்டால் சோறு வந்துடும். இதுல கூத்து என்னன்னா, அந்தப் பின் இருக்கிற போர்டில் பெரும்பாலும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டே இருக்கும்! அப்போ பேசாம ஐஎஸ்ஏ கார்டையே போட்டுட்டுப் போகலாமே :-)

என் போர்டில் ரெண்டும் இல்லை. யமஹாவைப் போட்டேன், ஈஎம்எம்386 இல்லாமலே பாட்டு வந்தது. ஆனா ஆரம்பத்தில் திரையில் முகம் காட்டி மிரட்டுற கார்டியன் வாயை மட்டும் அசைச்சான். அப்புறம் ஈஎஸ்எஸ் சோலோ-1 தேடிப் பிடிச்சேன். பழைய டிஎம்ஏ சிப்புக்கு நடக்கிற பேச்சை பிசிஐ பக்கத்திலிருந்தே ஒட்டுக் கேட்டு வேலையை முடிச்சுக்கிற தந்திரம் அதுக்குத் தெரியும். தனிக் கம்பியும் வேண்டாம், ஈஎம்எம்386-ம் வேண்டாம். பாட்டு யமஹா அளவுக்குச் சுத்தமில்லை, லேசா ஒரு மாற்று தெரியுது.

'2002-லேயே வந்த டாஸ்பாக்ஸ் போட்டா அஞ்சு நிமிஷத்தில் முடியுற வேலைக்கு இவ்வளவு அலப்பறையா?' என்று வீட்டிலேயே கேட்டாச்சு. பதில் சொல்லலை. கார்டியன் பேசிக்கிட்டிருந்தான்.