புல்லுக்குள்ளே ஒரு குடித்தனக்காரர்

பூஞ்சைன்னா எனக்கு ஞாபகம் வர்றது நாலு நாள் வெச்ச பிரெட்டும், மழைக்காலத்துச் செருப்பும்தான். புல்லுக்குள்ளயே குடியிருந்து, புல்லுக்கு ஒரு கெடுதலும் பண்ணாத பூஞ்சை இருக்குன்னு படிச்சப்ப நம்பவே இல்ல. தோண்டிப் பார்த்ததுல அமெரிக்க மாட்டுப் பண்ணைக் கதை ஒண்ணு கிடைச்சுது.

1931-ல கென்டக்கி பல்கலைக்கழகத்து ஃபெர்கஸ், மெனிஃபீ கவுண்டிக்கு ஒரு சோளப்பாகுப் போட்டிக்கு நடுவரா போனார். (பாகுக்கெல்லாம் போட்டி! குடுத்து வெச்சவர்.) அங்க ஒரு மலைச்சரிவுப் பண்ணையில, குளிர்காலத்துலயும் பச்சையா நிக்குற புல்லைப் பத்திக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து விதை வாங்கிட்டு வந்தார். டால் ஃபெஸ்க்யூங்கிற அந்தப் புல் 1943-ல 'கென்டக்கி 31'ங்கிற பேர்ல வெளிவந்துது. வறட்சி, மிதி எல்லாம் தாங்கும். லட்சக்கணக்கான ஏக்கர்ல பரவிடுச்சு.

ஆனா மேய்ஞ்ச மாடுங்க தேறல. கோடையில மூச்சு வாங்கிக்கிட்டு குளத்துல போய் நிக்கும். குளிர்காலத்துல சிலதுக்குக் குளம்பும் வால்நுனியும் அழுகி விழுந்துது. சத்தைச் சோதிச்சா எல்லாம் சரியா இருக்கு!

ஜார்ஜியாவுல அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானி சார்லஸ் பேகனும் கூட்டாளிகளும் 1977-ல முடிச்சை அவிழ்த்தாங்க. வெளியில ஒரு புள்ளிகூடத் தெரியாம, செல்களுக்கு நடுவுல பூஞ்சை. விதை வழியாவே அடுத்த தலைமுறைக்குப் போகுது. அது உண்டாக்குற எர்கோவாலின் மாட்டோட ரத்தக்குழாயைச் சுருக்கிடும். கோடையில உடம்புச் சூடு வெளியேறாது, குளிர்ல காலுக்கு ரத்தம் போகாது.

குற்றவாளி கிடைச்சாச்சே, துரத்திட வேண்டியதுதானே? துரத்தினாங்க. விதையை வருஷக்கணக்கா வெச்சிருந்தா பூஞ்சை செத்துடும், விதை முளைக்கும். 1980-கள்ல பூஞ்சையில்லா விதை விற்பனைக்கு வந்துது. மாடு கொழுத்துது. ஆனா வறட்சியும் பூச்சியும் வந்தப்ப புல் காஞ்சு போச்சு. எந்த உறுதியைப் பார்த்து ஃபெர்கஸ் மயங்கினாரோ, அதுல பெரும்பங்கு இந்தக் குடித்தனக்காரரோடது! இருந்த புல்லை அழிச்சு, காசு போட்டு புதுசா விதைச்ச விவசாயிக்குத்தான் அடி. இதைப் படிச்சப்ப எனக்கே வயிறு எரிஞ்சுது.

அப்புறம் நியூசிலாந்து விஞ்ஞானிகளும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து, எர்கோவாலின் சுரக்காத பூஞ்சையாத் தேடிப்பிடிச்சு புல்லுக்குள்ள குடிவெச்சாங்க. 2000-ல 'மேக்ஸ்க்யூ'ங்கிற பேர்ல கடைக்கு வந்துது. புல்லும் நிக்குது, மாடும் தேறுது.

ஆனாலும் பழைய புல்தான் இன்னமும் பெரும்பாலான மேய்ச்சல்ல இருக்கு. திரும்ப உழுது விதைக்கச் செலவாகுமே! குளோவர் செடியை ஊடால விதைச்சு, விஷத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு ஓட்டுறாங்க.