சந்திரசேகரம்பிள்ளையின் மாணவன்

சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு வாசலில் தொங்கியிருக்கக்கூடிய பெயர். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், கொழும்பிலிருந்து எழுதி 1982இல் வெளியிட்ட '2010' நாவலில், ஹால் என்ற கணினியின் ஆசானுக்கு இப்பெயரைச் சூட்டினார். அந்தத் தொடரில் 1968இல் வந்த முதல் நாவலில் ஹால் விண்கலத்தில் சதுரங்கம் ஆடுகிறது. எல்லா ஆட்டத்தையும் அதனால் வெல்ல முடியும். மனிதர் சோர்ந்துவிடக்கூடாதென்று பாதியை மட்டும் வெல்லும்படி அமைத்திருக்கிறார்கள். அது இயங்கத் தொடங்கிய நாளாக நாவல் சொல்வது 1997 ஜனவரி 12. அதே ஆண்டு மே மாதம் ஐபிஎம்மின் சதுரங்கக் கணினி டீப் புளூ, உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது.

ஆண்டு பொருந்தியது, வழி பொருந்தவில்லை என்று கிளார்க்கை மறுக்கலாம். மறுப்பில் வலுவுண்டு. டீப் புளூ நடந்தது 1950இல் கணிதவியலாளர் குளோட் ஷனன் காட்டிய பாதையில்: சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்பிட்டு, வரக்கூடிய நகர்வுகளை முன்கூட்டியே ஆடிப் பார்க்கும் தேடல். இரு தரப்பும் ஒருமுறை நகர்த்தவே ஏறக்குறைய 1000 வழிகள். மும்முறை என்றால் 100 கோடி. ஆகவே வெட்டிக் கழிக்க வேண்டும். ராணியால் ஒரு சிப்பாயை எடுக்கிறோம். எதிராளியின் குதிரை அந்த ராணியை எடுத்துவிடுகிறது. கைக்கு வந்தது 1, போனது 9. இதைவிட நல்ல நகர்வு ஏற்கெனவே கையிலிருந்தால், எதிராளியின் மிச்சப் பதில்களைப் பார்க்கவே தேவையில்லை, அந்தக் கிளை முழுதும் விழுந்துவிடும். இப்படிக் கழித்துக்கொண்டே டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை மனிதர்தான் வகுத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் 1968 நாவல் ஹாலின் மூளையைக் கற்று வளரும் நரம்பு வலையமைப்பாகவே விவரிக்கிறது. அந்த இடத்தில் கிளார்க் சரியாகவே பார்த்திருந்தார் என்பது என் முடிவு. 2017இல் வந்த ஆல்பாசீரோ என்ற நிரல் நொடிக்குச் சுமார் 80,000 நிலைகளையே பார்த்து, 7 கோடி பார்த்த ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலை வென்றது. நிலையை மதிப்பிடும் பார்வையை அது கற்றிருந்தது. 2020இல் ஸ்டாக்ஃபிஷும் மதிப்பீட்டுக்கு நரம்பு வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது. தேடல் இன்னும் ஒழியவில்லையே என்பார்கள். உண்மைதான், 80,000மும் தேடல்தான். கிளார்க்கின் கணிப்பு பிசகியது ஆசான் விஷயத்தில். விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தன்னையே எதிராளியாக வைத்து ஆடித்தான் ஆல்பாசீரோ கற்றது. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க எந்தச் சந்திரசேகரம்பிள்ளையும் பக்கத்தில் இருக்கவில்லை.