திராட்சைக் கொடி: கிறித்தவ மரபிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும்

திராட்சைக் கொடி விவிலியத்தில் அடிக்கடி குறியீடாக வரும் செடிகொடிகளுள் ஒன்று. தாவரவியல் கணக்கில் இது மரமன்று. பற்றுச்சுருளால் ஏறும் கொடி. ஆயினும் மரங்கள் கூடித் தமக்கு அரசனைத் தேடும் நீதித் தலைவர்கள் நூலின் கதையில் ஒலிவம், அத்தி ஆகியவற்றோடு இதுவும் மரமாகவே நிற்கிறது. மூன்றும் அரச பதவியை மறுக்க, முட்செடி ஏற்றுக்கொள்கிறது.

பழைய ஏற்பாடு. வெள்ளம் வடிந்தபின் நோவா அமைத்தது திராட்சைத் தோட்டம். மோசே அனுப்பிய ஒற்றர்கள் எசுக்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரே குலையைத் தடியில் கட்டி இருவராகச் சுமந்து வந்தனர். தன் முன்னோரின் திராட்சை நிலத்தை அரசன் ஆகாபுக்கு விற்க மறுத்த நாபோத்து கல்லால் எறிந்து கொல்லப்பட்டான். எசாயாவின் 5ஆம் அதிகாரத்தில் உரிமையாளர் நிலத்தைக் கொத்திக் கல் பொறுக்கி, நல்ல கொடி நட்டு, காவல்மாடமும் ஆலையும் அமைக்கிறார், விளைவதோ காட்டுப்பழம். அந்தத் தோட்டம் இசுரயேல் மக்கள். 80ஆம் திருப்பாடலில் அதே மக்கள் எகிப்திலிருந்து பிடுங்கி வந்து நடப்பட்ட கொடி. எசேக்கியேலின் 15ஆம் அதிகாரம் இவற்றுள் மிகக் கூர்மையானது: பாத்திரம் மாட்டும் முளைக்குக்கூட உதவாத கட்டை இது, நெருப்புக்கு விறகாகத்தான் போகும்.

புதிய ஏற்பாடு. யோவான் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைக் கொடியாகவும், தந்தையைப் பயிரிடுபவராகவும், சீடரைக் கிளைகளாகவும் காட்டுகிறார். காய்க்கும் கிளையும் கத்திக்குத் தப்புவதில்லை; மேலும் காய்க்கவே அது கழிக்கப்படுகிறது. தோட்டத்திலும் நடப்பது இதுவே. திராட்சைக் குலை புதுத்தளிரில்தான் வரும், கவாத்து இல்லையேல் நல்ல விளைச்சல் இல்லை.

திருச்சபைக் கலை. உரோமையின் சாந்தா கொசுத்தான்சா கட்டடத்தில் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திராட்சை அறுவடைக் கற்பதிகை ஓவியம் உள்ளது. அது கிறித்தவப் பொருள் கொண்டதா, மதுக் கடவுள் பாக்கசின் வழிபாட்டு அலங்காரத்தின் தொடர்ச்சியா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

தமிழகம். யவனர் மதுவைச் சங்கப் பாடல்கள் அறியும். கொடி இங்கே பயிரான கதை பெரிதும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லப்படுகிறது. 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது பரவலான கூற்று. திருப்பலிக்குத் திராட்சை இரசம் தேவை என்பதால் அது பொருத்தமாகவும் தோன்றுகிறது. எனினும் இரண்டு இடையூறுகள் உண்டு. பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மறைபணிக்குத் திரும்பியது 1838இல். எனவே ஆண்டு சரியென்றால், வந்தவர் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு அயல்நாட்டு மறைபணிக் கழகத்தாராக இருந்திருக்கலாம். அடுத்து, பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கட் ஹாம்பர்க் இரகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக் கண்ணாடிக் கூடத்தில் உருவானது என்பது ஒரு கருத்து. அதைவிடப் பழையது என்போரும் உளர். முதலில் வந்த கொடியும் இன்றைய கொடியும் ஒன்றேதானா என்பது இதைப் பொறுத்தது.

கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கியபின் பள்ளத்தாக்கின் வேளாண்மை மாறியது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கத்தோலிக்கர் மிகுந்த இராயப்பன்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் கொடி படர்கிறது. விவிலிய நாட்டில் குளிர்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கும் கொடி, இங்கு உறங்குவதில்லை. மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால் கோடையில் ஓர் அறுவடை; வைகாசி, ஆனியில் மீண்டும் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் இன்னொன்று. யோவான் நற்செய்தியின் கத்தி இங்கு ஆண்டுக்கு இருமுறை வேலை செய்கிறது. ஒரு தோட்டம் காய்க்கும்போது அடுத்த தோட்டத்தில் கவாத்து நடப்பதால், ஆண்டின் பெரும்பகுதியும் சந்தைக்குப் பழம் வருகிறது.

அண்மைக் காலம். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.