ஒரே மரம், இரு வேறு உரிமைகள்



சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் இளைஞர் ஒருவர் சவர்க்கார உறையொன்றில் இருந்த பனையோலை முத்திரையைக் காட்டி, "ஃபாதர், இதற்கு என்ன பொருள்?" என்று வினவினார். காட்டை அழிக்காமல் விளைவித்த செம்பனை எண்ணெய் என்பதற்கான சான்று அது. 2004இல் தோன்றிய ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பு அதனை வழங்குகிறது. ஆனால் அம்முத்திரையின் நெறிகள் காட்டை மட்டும் பேசவில்லை. நிலத்தின் மீது மக்களுக்குள்ள உரிமையையும் உழைப்போரின் வாழ்வையும் பேசுகின்றன. அந்தப் பாதியின் வரலாறு நம் குடும்பங்களைத் தொடுவதால் இதனை எழுதுகிறேன்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ ஊர்களில் அது தோட்டப் பயிராக இருக்கவில்லை. கொல்லைக்காகக் காட்டைத் திருத்துவோர் செம்பனையை மட்டும் வெட்டாமல் விட்டனர். ஆடவர் மரமேறிக் குலையை வெட்டினர். பெண்டிர் எண்ணெய் எடுத்தனர். எண்ணெய் விற்ற பணம் கணவனுக்கு, கொட்டையை உடைத்தெடுத்த பருப்பு மனைவிக்கு என்பது எழுதப்படாத சட்டம்.

சவர்க்காரத் தொழிலதிபர் வில்லியம் லீவர் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவில் பெருந்தோட்டம் அமைக்க நிலம் கேட்டார், கிடைக்கவில்லை. 1911இல் பெல்ஜிய காங்கோவில் பெரும் நிலப்பரப்பைப் பெற்றார். அங்கே கட்டாய உழைப்பு நிகழ்ந்தது தனித்த துயரக் கதை. மீண்டும் நைஜீரியாவை நாடியபோது ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் இசையவில்லை. மண்ணுக்குரியோர் தம் நிலத்தில் தாமே செய்யும் வேளாண்மையே ஆழ வேரூன்றும் என்பது அவருடைய வாதம்.

யார் இந்தக் கிளிஃபர்ட்? 1883இல், பதினேழு வயதில், மலாயாவுக்கு வந்து பகாங்கில் நெடுங்காலம் பணியாற்றியவர். நைஜீரியாவுக்குப் பின் இலங்கையின் ஆளுநரானார். 1927இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இங்கேயே திரும்பினார். நைஜீரியாவில் அவர் மறுத்த பெருந்தோட்ட முறை இங்கு தடையின்றிச் செழித்தது. மரம் ஒன்றே. அங்கே மரத்துக்கு உரியவர்கள் இருந்தார்கள்.

சிலாங்கூரில் ஹென்றி ஃபோக்கொனியே 1917இல் நிறுவிய 'தென்னமரம்' தோட்டமே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பெயர் தமிழ், நிலம் தமிழருடையதன்று. கங்காணி அழைத்துவந்த நம் முன்னோர்க்குக் கூலி இருந்தது, லயத்து வீடு இருந்தது. இரண்டும் வேலையோடு கட்டப்பட்டவை. 1960களில் இரப்பரை அகற்றிச் செம்பனை நடுவது பெருகியபோது, ஒரு ஏக்கருக்குத் தேவைப்பட்ட கைகள் குறைந்தன. வேலை போன வீட்டில் கூரையும் போயிற்று. 1956இல் தொடங்கிய பெல்டா திட்டம் நிலமற்றோர்க்குக் காணி வழங்கியது. தனியார் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவருள் மிகச் சிலரே அதில் இடம்பெற்றனர்.

ஓர் ஒப்புமை என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. வரி விதிக்கப்படும் என்ற அச்சத்தாலும் எண்ணெய் விலை வீழ்ச்சியாலும் 1929இல் நைஜீரியப் பெண்கள் திரண்டெழுந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும் 1940களில் ஆலைகள் வந்து பழத்தை முழுதாக வாங்கத் தொடங்கியதும், "எங்கள் பருப்பு எங்கே?" என்று அப்பகுதிப் பெண்கள் மீண்டும் எதிர்த்தனர். இங்கோ, பெண்கள் பலர் செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவிக் கூலி பெற்றனர். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்பட்டு அவ்வேலையைத் தானே செய்தது. விளைச்சல் உயர்ந்தது, மருந்தோ இயந்திரமோ வேண்டாத அரிய தீர்வுதான், அதில் ஐயமில்லை. கையால் தூவும் வேலை நின்றது. கூலிக்காரருக்கு வேலை நாள் உண்டு. மரத்தின் மீது பங்கு இல்லை. ஆகவே "எங்கள் பங்கு எங்கே?" என்று கேட்க அவர்களுக்கு வழக்கமும் இல்லை, சட்டமும் இல்லை.

அந்த இளைஞரின் பாட்டி அப்படி மகரந்தம் தூவியவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவரைப் போன்ற மூத்தோர் நம் பங்கில் இன்னும் உள்ளனர். உங்கள் தோட்டத்தின் பெயர், செய்த வேலை, வெளியேறிய ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடுத்த ஞாயிறு பங்கு அலுவலகத்தில் தாருங்கள். எழுத இயலாதோர் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.